கோல் மார்க்கெட்டுக்கு வந்த கிரேக்க சம்பந்தி

இந்தியாவில் ஸ்வெட்டர் தேவைப்படாது என்று சோஃபியாவிடம் அடித்துச் சொன்னவன் நான்தான். தூத்துக்குடிக்காரனுக்கு இந்தியா என்றால் தூத்துக்குடி. ஜனவரி மாதத்து டில்லியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது பொழுது விடிந்துவிட்டதாகக் கடிகாரம் சொன்னது. ஆனால் எதிரே நின்ற டாக்ஸி கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு பனிமூட்டம். மெல்லிய பருத்திச் சட்டையோடு நடுங்கிக்கொண்டே சோஃபியா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

சோஃபியா யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஏதென்ஸ் நகரத்தின் துறைமுகம் பிரேயஸ். அங்கே கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வெல்டராக வேலைக்குப் போனவன், சோஃபியா வீட்டு மாடி அறையில் குடியேறி அப்படியே தங்கிவிட்டேன். கணவரைக் கடலில் பறிகொடுத்தவர் அவர். ஒரே மகள் கத்தரீனா. நான் குடிவந்தபோது அவள் மூன்றாம் வகுப்பு. அவளுடைய பாடப் புத்தகத்தை வைத்துத்தான் நான் கிரேக்க மொழி கற்றேன். பதிலுக்கு அவளுக்குத் தமிழில் நாலு வார்த்தை சொல்லிக்கொடுத்தேன். அந்த நாலு வார்த்தைதான் பிற்பாடு வினையாகப் போயிற்று.

பிரேயஸ் கப்பல் கம்பெனி ஒன்றுக்குக் கம்ப்யூட்டர் வேலையாக டில்லியிலிருந்து ஒரு பையன் வந்தான். பெயர் செந்தில். தமிழ்ப் பையன் ஆயிற்றே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டேன். கத்தரீனா மாடிக்கு வந்து, "சாப்ட்டியளா?" என்று அவனிடம் கேட்டாள். டில்லியில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தமிழே தடுமாற்றம். பொன்னிற முடியோடு ஒரு பெண் அவனுடைய அம்மாவின் திருநெல்வேலித் தமிழில் கேட்டால் அவன் என்ன ஆவான்? வருஷம் முடிவதற்குள் கத்தரீனா டில்லி போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவள் பெட்டியோடு கிளம்பியபோது சோஃபியா சமையலறையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு மகள் போன் செய்தால் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவார். கடைசியில் கத்தரீனா எனக்குப் போன் செய்தாள். "அம்மாவை எப்படியாவது கூட்டிட்டு வாங்க மாமா," என்றாள். காரணம் சொல்லவில்லை. நான் போய்ச் சொன்னதும் சோஃபியா அடுப்பை அணைத்துவிட்டு நேராக டிக்கெட் எடுக்கப் போய்விட்டார். போவதற்கு இரண்டு பேர், திரும்புவதற்கு மூன்று பேர்.

"நீ கற்றுக்கொடுத்த பாஷைதான் என் பெண்ணைக் கொண்டுபோனது. நீயே வந்து கேட்டு வாங்கித் தா," என்றார். நான் பெட்டியைக் கட்டினேன்.

அந்த மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிரேக்கப் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சாமிகளிலிருந்துதான் தொடங்குகிறது. அதில் விளைச்சலுக்குத் தெய்வம் டிமீட்டர். அவளுடைய மகள் பெர்செஃபனி ஒருநாள் புல்வெளியில் பூப்பறிக்கும்போது நிலம் பிளந்து, பாதாளத்தின் அரசன் ஹேடிஸ் தேரில் வந்து அவளைத் தூக்கிப் போய்விடுகிறான். அம்மா கையில் பந்தத்தோடு ஊர் ஊராகத் தேடுகிறாள். உண்ணவில்லை, குளிக்கவில்லை. கோபத்தில் பயிரை முளைக்கவிடாமல் நிறுத்துகிறாள். உலகம் பட்டினியில் சாகப்போகிறது என்றதும்தான் தெய்வங்களின் தலைவன் சியஸுக்குச் சுரணை வந்து, தூதன் ஹெர்மிஸைப் பாதாளத்துக்கு அனுப்புகிறான். ஆனால் பெண் அதற்குள் அங்கே சில மாதுளை முத்துகளைச் சாப்பிட்டுவிட்டாள். பாதாளத்தில் வாய் நனைத்தவர் முழுசாகத் திரும்ப முடியாது. அதனால் வருஷத்தில் சில மாதம் புருஷனிடம், மீதி மாதம் அம்மாவிடம் என்று தீர்ப்பு. மகள் கீழே இருக்கும் மாதங்களில் அம்மா துக்கம் காப்பதால் மேலே குளிர்காலம்.

அந்தப் பனிமூட்டத்தில் நின்றபோது இந்தக் கதை என் மண்டைக்குள் ஓடத் தொடங்கியது. திரும்பும்வரை நிற்கவில்லை.

டாக்ஸிக்காரர் இந்தியில் என்னமோ கேட்டார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் மறுபடி இந்தியில் கேட்டார். பதற்றத்தில் எனக்குத் தமிழ் வந்துவிட்டது.

"நீ இந்தியன்தானே?" என்றார் சோஃபியா.

"ஆமாம்."

"அவனும் இந்தியன்தானே?"

"ஆமாம்."

"பிறகு என்ன?"

கிரேக்க நாட்டில் எந்தத் தீவுக்குப் போனாலும் பேச்சு ஒன்றுதான். இதை நான் எங்கே தொடங்கி எப்படி விளக்குவது? கரோல் பாக் விடுதிக்குப் போய்ச் சேருவதற்குள், தன்னோடு வந்திருக்கும் மொழிபெயர்ப்பாளன் பாதி வழிக்குத்தான் உதவுவான் என்று அவர் புரிந்துகொண்டுவிட்டார்.

அன்றைக்கு முதல் வேலை ஸ்வெட்டர். நடைபாதையில் மலைபோலக் குவித்து வைத்து ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். சோஃபியா ஆண்கள் போடும் கையில்லாத ஸ்வெட்டர் ஒன்றை எடுத்துக் கணவர் போனதிலிருந்து உடுத்தும் கறுப்பு உடைக்கு மேலே மாட்டிக்கொண்டார். எனக்குக் கிடைத்தது மானும் பைன் மரமும் போட்டது. பக்கத்துக் கடையில் சோளே பட்டூரே. பூரியைவிடப் பெரியதாக உப்பி வந்ததை விரலால் குத்திப் பார்த்துவிட்டு ஒன்றுக்கு இரண்டாகச் சாப்பிட்டார். "இன்று நிறையச் சாப்பிட வேண்டும். அவர்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் தொட மாட்டேன்," என்றார். கடைக்காரர் அவரை ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

கோல் மார்க்கெட்டுக்கு ஆட்டோ பிடித்தோம். அங்கேதான் செந்திலின் அம்மாவுக்கு அரசாங்கக் குடியிருப்பு. கொஞ்ச தூரம் போனதும் ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி, உடைந்த ஆங்கிலத்தில் குடியரசு தின ஒத்திகை நடப்பதாகவும் அந்தப் பக்கம் எல்லா வழியும் அடைத்துவிட்டதாகவும் சொன்னார். பாதி நிஜம். தூரத்தில் தடுப்புக் கம்பிகளும் போலீசும் தெரிந்தன. மீதிப் பாதியை அவரே தயாரித்திருந்தார். வழி திறக்கும்வரை உட்காரலாம் என்று ஒரு கம்பளக் கடைக்குக் கொண்டுபோய் விட்டார். கடைக்குள் போனவுடன் டீ வந்தது, கம்பளங்கள் விரிந்தன. ஒத்திகை முடியவே இல்லை. ஒன்றும் வாங்காமல் எழுந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. இனிமேல் போனால் மரியாதையாக இருக்காது என்று விடுதிக்கே திரும்பினோம்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. சோஃபியாவோ அசரவில்லை. ஏதென்ஸ் டாக்ஸிக்காரர்களிடம் பழகியவர். பழைய கிரேக்கர்கள் விவரமானவர்கள் என்று அன்று நினைத்துக்கொண்டேன். வழிப்போக்கருக்கும் வியாபாரிக்கும் திருடருக்கும் சேர்த்து ஒரே தெய்வமாக ஹெர்மிஸை வைத்திருக்கிறார்கள். மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் போகக்கூடும் என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

மறுநாள் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம். வெளிறிய மஞ்சள் நிறத்தில் பழைய இரண்டு மாடிக் கட்டடங்கள். வெயில் விழும் இடத்திலெல்லாம் யாராவது நாற்காலி போட்டு உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். படியேறும்போது சோஃபியா கைப்பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். மூன்றாவது டிக்கெட் அதற்குள் இருந்தது.

கத்தரீனா கதவைத் திறந்தாள். சால்வைக்குள்ளே வயிறு தெரிந்தது. நல்ல பெரிய வயிறு.

சோஃபியா மகளின் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கும் இப்போதுதான் தெரியும் என்று கையை விரித்தேன். அப்புறம் அவர் மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுகை நின்றதும் கோபம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்ததை அவர் மூக்கு சிவந்ததிலிருந்து தெரிந்துகொண்டேன்.

உள்ளே மேஜைமேல் ஒரு கிண்ணம் நிறைய உதிர்த்த மாதுளை முத்துகள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோஃபியாவோ அதைப் பார்த்து முதல் தடவையாக முகம் தெளிந்தார். கிரேக்க வீடுகளில் புது வருஷத்தன்று வாசலில் மாதுளையை உடைப்பார்கள், அதிர்ஷ்டத்துக்காக. பாடப் புத்தகத்தை நம்பி நான்தான் பயந்து செத்தேன்.

"வாங்க வாங்க. வாங்க சம்மந்தியம்மா. அண்ணாச்சி, உள்ள வாங்க. குளிருதுல்லா?" என்று கையைத் துடைத்துக்கொண்டே வந்தார் செந்திலின் அம்மா வடிவு. ஏதோ ஒரு அமைச்சக அலுவலகத்தில் வேலை. எங்களுக்காக லீவு போட்டிருந்தார். திருநெல்வேலியை விட்டு வந்து காலம் எவ்வளவோ ஆகியும் பேச்சு அங்கேயே இருந்தது. நடுநடுவே மட்டும் இந்தி எட்டிப் பார்க்கும். கணவர் தை அறுவடையைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தார். நான் தூத்துக்குடி என்றதும், "அச்சா! அப்பம் நம்ம பக்கந்தான்," என்று உட்கார வைத்தார்.

காப்பி வந்தது. சோஃபியா தொடவில்லை. அதிரசம் வந்தது. தொடவில்லை. மத்தியானம் இலை விரித்துக் கூப்பிட்டார்கள். பால்கனி வெயிலில் போட்டிருந்த நாற்காலியை விட்டு அசையவே இல்லை.

"மகளை என்னிடம் தரும்வரை இந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று சொல்," என்றார் என்னிடம்.

அதை அப்படியே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பசியில்லையாம்," என்றேன்.

அந்த நேரத்தில்தான் கீழ்வீட்டுக் கோஹ்லி ஆன்ட்டி வந்தார். வெள்ளைக்காரச் சம்பந்தியைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியுமா? சோஃபியா ஒன்றும் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டதும் கன்னத்தில் கைவைத்து வியந்து இந்தியில் பொழிந்தார். கத்தரீனா எனக்கு மட்டும் தமிழில் மொழிபெயர்த்தாள்: "எவ்வளவு நல்ல குடும்பம் பாருங்கள்! பெண்ணைக் கொடுத்த வீட்டில் அம்மா தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். இந்தக் காலத்தில் எங்கள் ஆட்களே விட்டுவிட்டார்கள். அந்நிய தேசத்துக்காரி எப்படிக் கடைப்பிடிக்கிறாள்!"

சோஃபியாவின் காலைத் தொட்டுக் கும்பிடாத குறை. விஷயம் படிக்கட்டு முழுக்கப் பரவி, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்து மரியாதையாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். போராட்டம் நடத்துகிற ஒருவரை இப்படிப் பாராட்டித் தீர்த்தால் அவர்தான் என்ன செய்வார்? "இவர்கள் ஏன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்?" என்றார். நான் குளிரைப் பற்றிப் பேசினேன்.

சாயங்காலம் விடுதிக்குத் திரும்பும் வழியில் சோஃபியா தள்ளுவண்டியில் முட்டை ரொட்டி வாங்கி நின்றபடியே வேகமாகச் சாப்பிட்டார். நான் அந்த வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தும் கூடவே நின்று இன்னொன்று சாப்பிட்டேன். இரண்டு பக்கமும் சாப்பிட்டு இரண்டு பக்கமும் பொய் சொல்லும் வேலை எனக்கு. மேலேயும் கீழேயும் போய்வர உரிமை உள்ள ஒரே தெய்வம் ஹெர்மிஸ்தான் என்று புத்தகம் பெருமையாகச் சொல்கிறது. அவனுக்கு நிம்மதி இருந்ததா என்று சொல்லவில்லை.

அடுத்த நாளும் அதே பால்கனி. சோஃபியாவுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கம்பியைப் பிடித்துக் கீழே பார்ப்பார், உள்ளே வருவார், மகளின் முடியைக் கோதுவார், திடீரென்று கோபம் வந்து மறுபடி வெளியே போவார். அவரைப் பார்த்து எனக்கும் கால் நிலைகொள்ளவில்லை. செந்தில் ஆபீசுக்குக் கிளம்பும்போது என் காதருகே வந்து, "அங்கிள், ஆன்ட்டி என் மேல பஹுத் கோபமா இருக்காங்களா? ஐ மீன், ரொம்பவா?" என்றான். ரொம்ப என்றேன். தலையைக் குனிந்துகொண்டு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனான். பாதாளத்து அரசன் என்று சொல்லக்கூடிய ஆள் இல்லை அவன். ஹெல்மெட்டைக்கூட மறந்துவிட்டுப் போய் மறுபடி வந்தான்.

அடைந்து கிடந்தால் சரிப்படாது என்று வடிவு எல்லோரையும் மலை மந்திர் முருகன் கோயிலுக்குக் கூட்டிப் போனார். பஸ்ஸில் கூட்டம் பிதுங்கியது. கத்தரீனாவின் வயிற்றைப் பார்த்ததும் வடிவு, "பையா, சீட் தோ! ஜல்தி!" என்று போட்ட சத்தத்தில் இரண்டு பேர் எழுந்தார்கள். ஒன்றில் மகள், இன்னொன்றில் சோஃபியா. சோஃபியா முதல் முறையாக வடிவைக் கொஞ்சம் மதிப்போடு பார்த்தார்.

படியேறிப் போனால் மேலே நல்ல காற்று. அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. பிரேயஸிலிருந்து பார்த்தால் தெரியும் குன்றின்மேலும் கோயில் இருக்கிறது. ஆனால் அங்கே உள்ள தெய்வங்களுக்கு யாரும் பொங்கல் படைப்பதில்லை. நுழைவுச் சீட்டு வாங்கிப் பார்த்துவிட்டு வருகிறோம். நான் கத்தோலிக்கன்தான், இருந்தாலும் அந்தச் சாமிகளைப் பார்க்கும்போதெல்லாம் பாவமாக இருக்கும். மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றும் சோஃபியாவிடம் ஒருமுறை சொன்னேன். "அவர்கள் செய்த அக்கிரமத்துக்கு அது போதும்," என்று முடித்துவிட்டார்.

முருகன் பக்கத்தில் நிற்கும் பெண் யார் என்று சோஃபியா கேட்டார். வடிவு வள்ளியின் கதையைச் சொல்ல, கத்தரீனாவும் நானுமாக மாற்றி மாற்றிக் கிரேக்கத்தில் சொன்னோம். தினைப்புனத்தில் கிளி ஓட்டிக்கொண்டிருந்த பெண். முருகன் கிழவனாக வேஷம் போட்டு வந்து, ஏமாற்றி, கூட்டிக்கொண்டு போய்விடுகிறான். அப்பனும் அண்ணன்களும் வில்லை எடுத்துக்கொண்டு துரத்துகிறார்கள்.

"அவளுடைய அம்மா?" என்றார் சோஃபியா.

நான் வடிவிடம் கேட்டேன். வடிவு யோசித்தார். "அம்மையா? அம்மையப் பத்தி யாரும் ஒண்ணுஞ் சொன்னதில்லையே அண்ணாச்சி. நானும் கேட்டதில்ல," என்றார். அவருக்கே அது சங்கடமாக இருந்தது தெரிந்தது. நமக்கு இந்தக் கதையில் காதல்தான் முக்கியம், பாட்டும் கூத்தும் அதைப் பற்றித்தான். கிரேக்கர்கள் அதே மாதிரிக் கதையில் பெண்ணைப் பறிகொடுத்த அம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள். இத்தனை வருஷம் இரண்டு கதையும் தெரிந்திருந்தும் எனக்கு இது உறைத்ததில்லை.

பிரசாதப் பொங்கலைச் சோஃபியா வாங்கிச் சாப்பிட்டார். "இது அவர்கள் வீடு இல்லை," என்று எனக்கு விளக்கம் வேறு.

மறுநாள் காலை விடுதியிலேயே சொல்லிவிட்டார். இன்று கேட்டுவிடப்போவதாகவும், தர மறுத்தால் தூதரகம், போலீஸ் என்று எதற்கும் தயார் என்றும். ஆட்டோவில் வரும்போது பேசவேண்டியதை எனக்குப் பாடம்போல ஒப்பித்தார். "ஒரு சொல்லையும் மென்மையாக்காதே, அந்தோனிஸ். இத்தனை நாள் நீ மென்மையாக்குகிறாய் என்று எனக்குத் தெரியும்." நேற்றுப் பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுத்த வடிவின் முகத்தைப் பார்த்து இதையெல்லாம் எப்படிச் சொல்வேன்?

வீட்டுக்குள் நுழைந்ததும் தேங்காய்ப்பால் வாசனை. சோஃபியா பால்கனிக்குப் போனார். வடிவு என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார். அவர் முகமும் சரியில்லை.

"அண்ணாச்சி, நான் ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதிய. சம்மந்தியம்மா வந்து இத்தன நாளாச்சி. எப்பம் கேப்பாவ, எப்பம் கேப்பாவன்னு நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். வாயே தொறக்க மாட்டேங்காவளே?"

"என்னது கேக்கணும்?" என்றேன்.

"என்ன அண்ணாச்சி தெரியாத மாரி கேக்கிய? பிள்ளைக்கு ஏழு பொறந்தாச்சி. தலப்பிரசவம் அம்ம வீட்லதான? அவியதான வந்து கூப்பிடணும்? நானாச் சொன்னா மருமவளத் தொரத்துத மாரி இருக்கும்லா? அதான் காரணத்தச் சொல்லாம அந்தப் பிள்ளைய விட்டு ஒங்களுக்குப் போன் போடச் சொன்னேன். வளையல்கூட வாங்கி வச்சிட்டேன். அவிய வாயத் தொறந்தா நாளைக்கே வளைகாப்பு முடிச்சி அனுப்பிருவேன்."

நான் அப்படியே அடுப்பு மேடையில் சாய்ந்துவிட்டேன். எங்கள் தெருவில் நடக்காத வழக்கமா? என் அக்கா மூன்று பேரும் பிள்ளை பெற எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள்தான். ஆனால் கிரேக்கக்காரிக்கும் இது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒருவர் கேட்டால் தரமாட்டார்கள் என்று பட்டினி கிடக்கிறார். இன்னொருவர் கேட்கவில்லையே என்று வளையலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். நடுவிலே நான் குளிரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

பால்கனிக்கு ஓடினேன். சோஃபியா டிக்கெட்டைக் கையில் எடுத்துத் தயாராக நின்றார். நான் சொன்னதை நம்பவில்லை. "பொய். நீ மறுபடி மென்மையாக்குகிறாய்," என்றார். கத்தரீனாவை மொழிபெயர்க்கக் கூப்பிட்டு, சோஃபியா முன்னாலேயே வடிவைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். வடிவு டிக்கெட்டைக் கண்டதும் முகம் மலர்ந்து, "பாருங்க, டிக்கெட்டோடயில்லா வந்திருக்காவ! இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?" என்றார்.

சோஃபியா நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். வடிவு முதுகைத் தடவிக்கொடுத்தார். எனக்கும் கண் கலங்கியது, ஒளிப்பானேன். கதை முடிந்தது, ஊர் போய்ச் சேரலாம் என்றுதான் நினைத்தேன்.

"மூணாம் மாசம் நாங்க வந்து பிள்ளையையும் தாயையும் கூட்டிட்டு வந்துருவோம்னு சொல்லிருங்க அண்ணாச்சி," என்றார் வடிவு.

சொன்னேன். சோஃபியா கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "மூன்று மாதமா? ஒரு வருஷம்."

"ஒரு வருசமா? எம்மா! எம்பையன் பிள்ளை முகத்தப் பாக்காண்டாமா? சரி, அஞ்சு. ஒத்தப்படையாத்தான் இருக்கணும்."

"ஒன்பது ஒற்றைப்படைதானே? ஒன்பது."

"அஞ்சுக்கு மேல முடியாது."

"எட்டு."

"எட்டு ஆவாது, ரெட்டப்படை. அவியளுக்காவ வேணா ஏழு. பஸ், போதும்."

என் தலை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்பி வலித்தது. சியஸின் சபையில் தீர்ப்பு என்று புத்தகத்தில் ஒரே வரியில் போட்டுவிட்டார்கள். அங்கேயும் இப்படித்தான் நடந்திருக்க வேண்டும். அந்த வரியில் இல்லாத ஒன்று அப்போதுதான் எனக்குப் பட்டது. யாரும் பெண்ணை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

"நான் என்ன கத்திரிக்காயா அத்தை? ஆளுக்கு இத்தனை மாசம்னு கூறு போடுதிய?"

கத்தரீனா கதவருகே நின்றிருந்தாள்.

"என்ன சொல்கிறாள்?" என்றார் சோஃபியா. நான் வாயெடுத்தேன். கத்தரீனா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"நீங்க சொல்லாதீங்க மாமா. நான் சொல்லிக்கிடுதேன்."

அம்மாவின் எதிரே தரையில் மெதுவாக உட்கார்ந்து கிரேக்கத்தில் பேசினாள். "என்னை யாரும் தூக்கிக்கொண்டு வரவில்லை, அம்மா. நீ சமையலறையில் இருந்தாய். நான் கதவைத் திறந்து நானாக நடந்து வந்தேன். உன்னிடம் சொல்லத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. பிள்ளை பெறும்போது நீ பக்கத்தில் வேண்டும். அதனால் உன்னோடு வருகிறேன். யாருடைய வழக்கத்துக்காகவும் இல்லை. பிறகு என் வீட்டுக்கு வந்துவிடுவேன். எத்தனை மாதம் என்று நான் சொல்வேன். யாரும் வந்து என்னைக் கூட்டிப் போக வேண்டாம்."

அப்புறம் அதையே வடிவிடம் தமிழில் சொன்னாள். என்னால் இருவருக்கும் உபயோகம் இல்லை.

கீழே யாரோ வேர்க்கடலைத் தோலைப் பெருக்கும் சத்தம் கேட்டது. சோஃபியா கையில் இருந்த டிக்கெட்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். மகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அப்படியானால் நான் இவ்வளவு தூரம் யாரோடு சண்டை போட வந்தேன்?"

கத்தரீனா தலையை அம்மாவின் மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன கேக்காவ அண்ணாச்சி?" என்றார் வடிவு. ஒரு சொல்லையும் மென்மையாக்காமல் சொன்னேன்.

வடிவு உள்ளே போனார். திரும்பி வரும்போது தட்டில் சோறும் சொதியும் இஞ்சித் துவையலும் இருந்தன. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பண்ணினவர்களுக்குச் செய்து போடுகிற சொதி. விடியற்காலையிலிருந்து தேங்காய்ப் பால் பிழிந்திருப்பார் போலிருக்கிறது.

"எங்கூடப் போடச் சொல்லுங்க. சம்மந்தின்னு இருந்தா சண்ட இல்லாமலா? ஆனா வெறும் வயித்தோட என்னத்தச் சண்ட? சாப்பிட்டுட்டுப் போடச் சொல்லுங்க," என்றார்.

சோஃபியா கேட்டுக்கொண்டார். என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் தட்டை வாங்கி மடிக்குப் பக்கத்தில் வைத்து, வடிவு காட்டிக் கொடுத்தபடி கையால் பிசைந்து, ஒரு வாய் வைத்தார். மென்றார். நாங்கள் மூன்று பேரும் அவர் வாயையே பார்த்தோம்.

விழுங்கிவிட்டு வடிவை நேராகப் பார்த்தார். ஆனால் பேசியது என்னிடம்.

"உப்பு போதவில்லை. ஒரு சொல் விடாமல் சொல்."